நம் பாலுக்குச் சோதனை உண்டு. நம் அடுப்படிச் சாமானுக்கு இல்லையா?

வாளிப் பாலைச் சுமந்துகொண்டு போய் ஸ்டோரில் வைத்த எவருக்கும் மெட்ரோலாக் என்ற கருவியைத் தெரியும். அதைப் பாலில் மிதக்க விடுவார்கள். அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அது சொல்லிவிடும். அதற்கேற்பத்தான் கணக்கு எழுதுவார்கள். "ஐயா, காலையில் மழைத் தூறல் விழுந்தது, மரத்தில் வழிந்த தண்ணீர் கோப்பையில் சேர்ந்துவிட்டது" என்று நாம் எவ்வளவு மன்றாடினாலும் அந்தக் கருவி இரக்கப்படாது. பாலை விட்டுக் கட்டியாக எடுக்கும் தோட்டங்களிலும் கதை இதுவே. ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கும் பட்டைக்கும் இவ்வளவு என்று கழித்துக்கொண்டுதான் மீதியைக் கணக்கில் ஏற்றுகிறார்கள்.

அந்த ரப்பர் கப்பல் ஏறும்போது இன்னொரு சோதனை. முன்பு புகைபோட்ட ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, குமிழி இருக்கிறதா, கறை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று தரம் பிரித்தார்கள். 1965-ஆம் ஆண்டு முதல் எஸ்.எம்.ஆர். என்ற மலேசியத் தர ரப்பர் முறை வந்தது. அதன்படி ரப்பரில் அழுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்று சோதனைக்கூடத்தில் அளந்து, சான்று வைத்துத்தான் அனுப்புகிறார்கள். கடல் கடந்து இருக்கும் தொழிற்சாலைக்காரன் நம் ரப்பரை வாங்குமுன் சான்று எங்கே என்று கேட்கிறான். அவன் கேட்பது நியாயம். பணம் கொடுப்பவன் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே ரப்பரை வெட்டிச் சம்பாதித்த பணத்தை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மாலை பட்டணத்துக்குப் போகும் நாம் என்ன செய்கிறோம்? ரைஸ் குக்கர் வாங்குகிறோம், கேஸ் அடுப்பு வாங்குகிறோம், எக்ஸ்டென்ஷன் வயர் வாங்குகிறோம். நிறம் பார்க்கிறோம், விலை பேரம் பேசுகிறோம், பெட்டியைத் திறந்து மூடி சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறோம். சான்று எங்கே என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நம் உழைப்பை வாங்குபவனுக்கு இருக்கும் விழிப்பு, உழைத்த பணத்தைச் செலவு செய்யும் நமக்கு ஏன் இல்லை? இதைத்தான் இன்று தோழர்களோடும், முக்கியமாக வீட்டுத் தாய்மார்களோடும் பேச விரும்புகிறோம்.

ஒரு கையின் கதை

நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்லுகிறோம். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். விடியற்காலை நாலரை மணி. வேலைக்குப் போக வேண்டிய அம்மா எழுந்து அடுப்படியில் விளக்கைப் போட்டார். லயத்து வீட்டு அடுப்படியில் சுவரில் இருந்தது ஒரே ஒரு சாக்கெட். அதில் ஓர் எக்ஸ்டென்ஷன் வயர். அந்த வயரில் சோற்றுக்கு ரைஸ் குக்கர், தேத்தண்ணிக்கு மின்கேத்தல், பள்ளிக்கூடப் பிள்ளையின் சட்டைக்கு இஸ்திரிப்பெட்டி, ஆக மூன்றும் ஒரே நேரத்தில் செருகியிருந்தன. அந்த எக்ஸ்டென்ஷன் இரவுச் சந்தையில் பன்னிரண்டு வெள்ளிக்கு வாங்கியது.

கருகிய வாடை வந்தது. பார்த்தால் எக்ஸ்டென்ஷனின் பெட்டி இளகிக்கொண்டிருக்கிறது. பதறிப்போன அம்மா சுவர் சுவிட்சை அணைக்க மறந்து, அதைக் கையால் பிடித்து இழுத்துவிட்டார். உருகிய பிளாஸ்டிக் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. மின்சாரம் தாக்காமல் உயிர் தப்பியது புண்ணியம். ஆனால் வெந்தது வலது கை. உளி பிடிக்கும் கை. இரண்டு மாதம் அந்தக் கை மரத்தைத் தொடவில்லை. மருத்துவ விடுப்பு முடிந்த பின்னும் கை விரியவில்லை. வெட்டு இல்லையென்றால் அந்த வீட்டில் வருமானம் எப்படி இருந்திருக்கும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

விற்றவனைத் தேடிப் போனார்கள். அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறொருவன் பழம் விற்றுக்கொண்டிருந்தான். ரசீது இல்லை. பெட்டியைத் தூக்கி எறிந்தாகிவிட்டது. செய்தவன் யார், கொண்டுவந்தவன் யார் என்று ஓர் எழுத்தும் அந்தச் சாமானில் இல்லை. பன்னிரண்டு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு கையின் இரண்டு மாத உழைப்பு போயிற்று. மலிவு என்பதன் உண்மையான விலை இதுதான்.

சட்டம் இருக்கிறது

"அரசாங்கம் இதையெல்லாம் பார்ப்பதில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். பார்க்கிறது. 1990-ஆம் ஆண்டின் மின்விநியோகச் சட்டமும் அதன் கீழ் வந்த 1994-ஆம் ஆண்டின் மின்சார விதிகளும் இந்த நாட்டில் இருக்கின்றன. மக்கள் வீட்டில் புழங்கும் முப்பதுக்கும் மேற்பட்ட வகை மின்சாமான்களுக்குச் சான்று வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லுகின்றன. ப்ளக், சாக்கெட், சுவிட்ச், அடாப்டர், ரைஸ் குக்கர், கேத்தல், இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி, மாவரைக்கும் மிக்சி, துணி துவைக்கும் இயந்திரம், குளிர்பெட்டி, வெந்நீர்ச் சாதனம் என்று நம் வீட்டுச் சாமான்களில் பெரும்பகுதி அந்தப் பட்டியலில் உண்டு. சான்று பெறாமல் இவற்றைச் செய்யவோ, இறக்குமதி செய்யவோ, கடையில் அடுக்கிவைக்கவோ, விற்கவோ, விளம்பரம் செய்யவோ கூடாது. விற்பது மட்டுமல்ல, விற்பனைக்கு என்று அடுக்கிவைப்பதே குற்றம் என்பதைக் கவனியுங்கள்.

சான்று கொடுப்பது எரிசக்தி ஆணையம். சுருஹான்ஜாயா தெனாகா என்று மலாயில் சொல்லுவார்கள். 2001-ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்தது. சாமானைச் சோதிக்கும் வேலையில் முன்னிற்பது சிரிம் நிறுவனம். அது 1975-ஆம் ஆண்டில் தோன்றியது. நாட்டின் தரநிலை வேலைகளோடு சேர்ந்தே வளர்ந்தது. சோதனைக்கூடத்தில் மாதிரிச் சாமானை எடுத்துச் சூடேற்றிப் பார்க்கிறார்கள். உள்ளே இருக்கும் மின்சாரம் வெளி உடலுக்குக் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். பிளாஸ்டிக் தீப்பற்றினால் தானே அணைகிறதா, பரவுகிறதா என்று பார்க்கிறார்கள். தேறியதற்குத்தான் சான்று. தேறிய சாமானில் ஆணையத்தின் எஸ்.டி. குறியும் சிரிம் குறியும் வரிசை எண்ணும் கொண்ட முத்திரைச் சீட்டு ஒட்டப்படுகிறது.

கேஸ் சாமானுக்கும் இதே ஆணையம்தான் பொறுப்பு. 1993-ஆம் ஆண்டின் எரிவாயு விநியோகச் சட்டம் அதற்கு உண்டு. ஆகவே சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் இரவுச் சந்தையின் ஒவ்வொரு கடைக்கும், கைப்பேசியில் வாங்கி வரும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஓர் அதிகாரி வந்து நிற்க முடியுமா? சட்டம் காகிதத்தில் இருக்கும். அதைக் கடைவாசலுக்குக் கொண்டுபோக வேண்டியது வாங்குகிற நம் கண்தான்.

கடையில் நின்று என்ன பார்ப்பது?

முதலாவது, முத்திரையைப் பாருங்கள். பெட்டியின் மேல் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். சாமானின் உடலைத் திருப்பிப் பாருங்கள். வரிசை எண் தெளிவாக இருக்கிறதா? பத்துச் சாமானிலும் ஒரே எண் இருந்தால் அது அச்சடித்த ஏமாற்று என்று அறியுங்கள். சிரிம் நிறுவனத்தின் கைப்பேசிச் செயலியில் முத்திரையைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. நமக்குத் தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். மணிக்கணக்காகப் படம் பார்க்கும் அந்தக் கைப்பேசி ஒரு நிமிஷம் இந்த வேலையும் செய்யட்டும்.

இரண்டாவது, உடலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். செய்தவரின் பெயர், மாடல் எண், மின்னழுத்தம், வாட் ஆகியவை அழியாத எழுத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 110 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு நாட்டுக்குச் செய்தது. நம் சாக்கெட்டில் செருகினால் கருகும். வேறு நாட்டின் பாதுகாப்புக் குறிகள் எத்தனை ஒட்டியிருந்தாலும் அவை நம் நாட்டு முத்திரைக்கு ஈடாகா.

மூன்றாவது, நட்சத்திரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். குளிர்பெட்டியிலும் மின்விசிறியிலும் ஐந்து நட்சத்திரம், நாலு நட்சத்திரம் என்று ஒரு பெரிய சீட்டு இருக்கும். அது மின்சாரச் சிக்கனத்தைச் சொல்லுவது. மாதாந்திர பில்லுக்கு நல்லது. ஆனால் பாதுகாப்புச் சான்று வேறு, சிக்கனச் சீட்டு வேறு. ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதையும் பார்த்ததாக எண்ணிவிடக் கூடாது.

நாலாவது, ப்ளக்கைப் பாருங்கள். நம் நாட்டுச் சாக்கெட் மூன்று துளை கொண்டது. மேல் துளை எர்த்துக்கு உரியது. கேத்தல், இஸ்திரிப்பெட்டி போன்ற இரும்பு உடல் கொண்ட, சூடேறும் சாமானுக்கு அந்த எர்த் உயிர்நாடி. உள்ளே ஒரு கம்பி அறுந்து உடலைத் தொட்டால், எர்த் இருந்தால் மின்சாரம் அந்த வழியே மண்ணுக்கு ஓடும், ஃப்யூஸ் போய்விடும், நாம் பிழைப்போம். எர்த் இல்லையென்றால் அது நம் உடம்பு வழியாக மண்ணுக்கு ஓடும்.

இங்கே நம் வீடுகளில் நடக்கும் ஒரு காரியத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டு கால் ப்ளக்கை வாங்கிவந்து, மேல் துளையில் பேனாவையோ ஈர்க்குச்சியையோ விட்டு நெம்பி, கீழ்த் துளைகளைத் திறந்து செருகுகிறோம். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நாளைக்குப் பிள்ளை அதே துளையில் ஆணியையோ ஹேர்பின்னையோ விடும். கீழ்த் துளைகளில் இருக்கும் மூடி பிள்ளைகளைக் காக்க வைத்தது. அதைத் திறக்கும் வித்தையை நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். இதை இன்றே நிறுத்துங்கள்.

ஐந்தாவது, ரசீது. ரசீது கொடுக்காத கடையில் மின்சாமான் வாங்க வேண்டாம். கடையின் பெயரும், தேதியும், மாடலும் எழுதிய ரசீது இருந்தால் நாளைக்கு நம் வாய்க்கு வலிமை உண்டு. இல்லையென்றால் நம் பேச்சு காற்றோடு போகும்.

எக்ஸ்டென்ஷன் என்னும் எமன்

எக்ஸ்டென்ஷன் வயரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு 13 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது ஏறத்தாழ 3,000 வாட். கேத்தல் 2,200 வாட், இஸ்திரிப்பெட்டி 1,200 வாட், ரைஸ் குக்கர் 700 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் சேர்ந்தால் 4,100 வாட். ஒரு ஆள் தூக்கும் சுமையை அவன் தலையில் ஏற்றிவிட்டு, அதற்கு மேலும் ஏற்றினால் அவன் கழுத்து என்ன ஆகும்? வயருக்கும் அதுவே கதி.

சான்று இல்லாத எக்ஸ்டென்ஷனில் இந்த 3,000 வாட்டுக்கும் உறுதி இல்லை. வெளியே தடித்த உறை இருக்கும். உள்ளே செம்பு நூல் போல இருக்கும். நாலு துளை, ஆறு துளை என்று துளைகள் தாராளமாக இருக்கும். எர்த் கம்பி இருக்காது. ப்ளக்கினுள் ஃப்யூஸ் பெயருக்கு இருக்கும். அது போவதற்கு முன்பே வயர் உருகிவிடும். ஃப்யூஸ் போன இடத்தில் சிகரெட் டப்பாவின் ஈயத்தாளைச் சுற்றி வைப்பவர்களும் நம்மிடையே உண்டு. அது காவல்காரனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது.

சூடேறும் சாமான் எதையும் எக்ஸ்டென்ஷனில் போடாமல் சுவர் சாக்கெட்டில் போடுவதே முறை. வேறு வழியில்லையென்றால் ஒரு நேரத்தில் ஒன்று. சோறு வெந்த பிறகு கேத்தல். கேத்தல் கொதித்த பிறகு இஸ்திரி. கால்மணி நேரம் முன்னதாக எழுந்தால் போதும்.

கேஸும் ரப்பர்க் குழாயும்

இனிக் கேஸுக்கு வருவோம். கேஸ் தோம்புக்கும் அடுப்புக்கும் நடுவே மூன்று சாமான்கள் நம் உயிரைக் காக்கின்றன. தோம்பின் தலையில் பூட்டும் ரெகுலேட்டர், குழாய், அடுப்பின் திருகு. இந்த மூன்றிலும் சான்றுக் குறியைப் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர்கள் உணவுக்கடைப் பெரிய அடுப்புக்குப் பூட்டும் அதிக அழுத்த ரெகுலேட்டரை வீட்டு அடுப்புக்குப் பூட்டக் கூடாது. "தீ நல்லா எரியும் அக்கா" என்று சொல்லி யாராவது விற்றால், அது வீட்டையும் நன்றாக எரிக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

குழாயைப் பற்றிப் பேச நம்மைவிட யோக்கியதை உள்ளவர் யார்? ரப்பரோடு பிறந்து ரப்பரோடு வளர்ந்தவர்கள் நாம். வெயிலில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், வெடிக்கும். எண்ணெய் பட்ட ரப்பர் என்ன ஆகும்? ஊதிப் பிசுபிசுத்து இளகும். நாம் வெட்டும் மரத்தின் பாலில் செய்த சாதாரண ரப்பர்க் குழாயைக் கேஸுக்குப் போட்டால் அந்தக் கேஸே அதை உள்ளுக்குள் ஊறவைத்துக் கெடுத்துவிடும். கேஸ் குழாய்க்கு என்று வேறு வகை ரப்பரில் செய்கிறார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணால் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டுவது குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் குறிதான். ஆகவே தோட்டத்துப் பாய்ப்புக் குழாயை வெட்டி அடுப்புக்கு மாட்டுவது பெரும் பிழை. குறியும் செய்த ஆண்டும் அச்சிட்ட குழாயை வாங்கி, பித்தளை அல்லது இரும்புப் பிடியால் இறுக்கிப் போட வேண்டும். குழாயை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், ரெகுலேட்டரை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையும் மாற்றுவது நல்ல வழக்கம்.

சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே பறந்து போகாது. தரையோடு தரையாகப் படரும். கட்டிலுக்கு அடியிலும் சாக்கடையிலும் தேங்கும். அதற்கு இயற்கையில் வாடை கிடையாது. நாம் மோந்து அறிவதற்காகவே வாடை மருந்து கலந்திருக்கிறார்கள். வாடை வந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்கவும் வேண்டாம்; சுவிட்சின் ஒரு பொறியே போதும். தோம்பை மூடுங்கள், கதவு சன்னல்களைத் திறங்கள், பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். புதுத் தோம்பு மாட்டியதும் சோப்பு நுரையைப் பூட்டிலும் குழாய் முனையிலும் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிகிறது என்று பொருள். தீக்குச்சி கிழித்துப் பார்ப்பது கொலைக்குச் சமானம்.

காசு இல்லையே என்பவர்களுக்கு

"எழுதுகிறவர்களுக்கு எளிது. எங்களிடம் காசு எங்கே?" என்று ஒரு தாய் கேட்பது நம் காதில் விழுகிறது. கேள்வி நியாயமானது. 2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளிதான். அரிசி, பருப்பு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, மோட்டார் சைக்கிள் தவணை எல்லாம் அதற்குள். ஐந்து வெள்ளி குறைவாகக் கிடைக்கும் இடத்துக்குப் போவது மனித இயல்பு. அதைக் குற்றம் சொல்ல நாம் வரவில்லை.

ஆனால் கணக்குப் பாருங்கள். முத்திரை உள்ள எக்ஸ்டென்ஷனுக்கும் இல்லாததற்கும் வித்தியாசம் பத்து இருபது வெள்ளி. ஒரு நாள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாமல் போகலாம். இரண்டு மலிவு ரைஸ் குக்கர் வாங்கும் பணத்தில் ஒரு நல்லது வரும். அது பல ஆண்டு உழைக்கும். பணம் போதாவிட்டால் ஒரு மாதம் பொறுத்து வாங்குவோம். விறகடுப்பிலும் மண்ணெண்ணெய் விளக்கிலும் காலம் தள்ளிய நம் பாட்டன் பாட்டிமார் பொறுமையில் ஒரு பங்கு நமக்கு இல்லாமலா போகும்? பழைய சாமானை உறவினரிடமோ பழைய சாமான் கடையிலோ வாங்குவதானால், வயர் வெடித்திருக்கிறதா, ப்ளக் கருகியிருக்கிறதா, மூன்றாம் காலை யாராவது வெட்டிவிட்டார்களா என்று பார்த்து வாங்குங்கள்.

கைப்பேசியில் பார்த்துத் தபாலில் வரவழைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தில் முத்திரை தெரியவில்லையென்றால் விற்பவரைக் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் விட்டுவிடுங்கள். விற்பவன் வெளிநாட்டில் இருந்தால் நாளைக்கு யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்? ஐந்து வெள்ளி சார்ஜரைத் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கும் இளைஞர்களும் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

நிர்வாகத்தின் பங்கு

இவ்வளவையும் தொழிலாளியின் தலையில் மட்டும் சுமத்திவிட்டுப் போக நமக்குச் சம்மதம் இல்லை. நல்ல சாமானைக் கெட்ட வயரிங்கில் செருகினால் என்ன பயன்? ஓர் அடுப்படிக்கு ஒரே சாக்கெட் இருப்பதால்தானே அந்த அம்மா எக்ஸ்டென்ஷனைத் தேடினார்? 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதிச் சட்டம், வீடு கொடுக்கும் முதலாளி போதிய மின்சாரமும் கொடுத்து வீட்டைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தோட்டத்து ஜெனரேட்டர் மாலையில் சில மணி நேரம் ஓடி, பிறகு லயம் இருளில் மூழ்கிய காலம் ஒன்று இருந்தது. அன்று ஒரு விளக்குக்கும் ஒரு வானொலிக்கும் போட்ட கம்பி, இன்றைய குளிர்பெட்டிக்கும் துவைக்கும் இயந்திரத்துக்கும் எப்படித் தாங்கும்?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் லயம் லயமாகப் போய்ப் பார்க்கட்டும். எர்த் இருக்கிறதா, கசிவு மின்சாரத்தில் தானே விழும் இ.எல்.சி.பி. சுவிட்ச் வேலை செய்கிறதா, கருகிய சாக்கெட் எத்தனை என்று எழுதி, நிர்வாகத்திடம் கடிதமாகக் கொடுக்கட்டும். அந்தச் சுவிட்சில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்தினால் சுவிட்ச் விழ வேண்டும். விழாவிட்டால் அது செத்த காவல். குளியலறை வெந்நீர்ச் சாதனம் வைப்பவர்கள் அதற்கென 10 மில்லி ஆம்பியரிலேயே விழும் தனிக் காப்புச் சுவிட்ச் வைக்க வேண்டும். அனுமதி பெற்ற வயர்மேன் கையால் வைக்க வேண்டும். "எனக்குத் தெரியும் மச்சான்" என்று ஏணி போடும் உறவினர் கையால் வேண்டாம்.

நம்மோடு தோளோடு தோள் நின்று உழைக்கும் இந்தோனேசியத் தோழர்களும் வங்காளதேசத் தோழர்களும் தங்கும் விடுதிகளிலும் இதே எக்ஸ்டென்ஷன்தான் தொங்குகிறது. அவர்களுக்கும் மலாயில் எடுத்துச் சொல்லுவது நம் கடமை. தீ கடப்பிதழ் பார்த்துப் பற்றுவதில்லை.

ஏமாந்தால் என்ன செய்வது?

முத்திரை இல்லாத சாமானை விற்பதைக் கண்டால் எரிசக்தி ஆணையத்துக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சின் அலுவலகத்துக்கும் எழுதலாம். வாங்கிய சாமான் பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பிறந்தது அது. 50,000 வெள்ளி வரை அங்கே வழக்குப் போடலாம். கட்டணம் ஐந்து வெள்ளி. வக்கீல் தேவையில்லை, வக்கீலை வைத்துக்கொள்ளவும் அனுமதியில்லை. ஆகவே பெரிய தவுக்கேயும் பால்வெட்டுக்காரரும் அங்கே சமமாக உட்கார்ந்து பேசலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். மனு எழுதத் தெரியாதவர்கள் சங்கக் கிளைக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்கச் சங்கத்தில் ஆள் இருக்கிறது.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பாயம் சாமானுக்குக் கொடுத்த பணத்தை வாங்கித் தரும். காயத்துக்கும் சாவுக்கும் அங்கே வழக்கு இல்லை. அதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டும். ஏறினாலும் வெந்த கை பழையபடி வருமா? போன உயிர் வருமா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்வதில் பயனில்லை. கடைவாசலில் செலவிடும் இரண்டு நிமிஷம், கோர்ட்டு வாசலில் காத்துக் கிடக்கும் இரண்டு வருஷத்தைவிட மேலானது.

தோழர்களே! கடையில் சாமானைத் திருப்பி முத்திரையைத் தேடினால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம். "இவ்வளவு பேர் வாங்கிக்கொண்டு போகிறார்கள், நீங்கள் மட்டும் என்ன பார்க்கிறீர்கள்?" என்று கேட்கலாம். கூச்சப்பட வேண்டாம். நம் பாலில் மெட்ரோலாக்கை விடும்போது யாரும் நம்மிடம் கூச்சப்படவில்லை. ஒரு தோட்டத்தில் நூறு குடும்பம் இருந்தால், அந்த நூறு குடும்பமும் முத்திரை இல்லாததை வாங்க மறுத்தால், பட்டணத்துக் கடைக்காரர் அடுத்த வாரமே முத்திரை உள்ளதைக் கொண்டுவந்து வைப்பார். வியாபாரி கேட்பது வாங்குபவன் வாயைத்தான். ஒற்றுமையின் பலனைச் சம்பளப் பேச்சில் மட்டும் அல்ல, சந்தையிலும் காட்டலாம்.

இந்தச் சனிக்கிழமையே தொடங்குவோம். வீட்டில் இருக்கும் எக்ஸ்டென்ஷனையும் கேஸ் குழாயையும் முதலில் எடுத்துப் பாருங்கள். குறி இல்லாததையும், கருகியதையும், வெடித்ததையும் வெட்டி எறியுங்கள். முழுசாக எறிந்தால் வேறு யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள். பிறகு கடைக்குப் போங்கள். சாமானைத் திருப்புங்கள். முத்திரை எங்கே என்று கேளுங்கள். நம் உழைப்பைத் தரம் பார்த்து வாங்குகிறது உலகம். நாமும் தரம் பார்த்தே வாங்குவோம்.